சாமி மூலையின் சூடு

சூசை அண்ணை போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவர் இங்கே நோர்பரியில் தமிழ்க் கடை வைத்திருப்பவர். கத்தரிக்காயை நிறுத்தபடியே, "ஹீட்டிங் வேலை செய்யிற மன்னார்ச் சூசை அண்ணை, நேற்றுப் பின்னேரமாம், நெஞ்சுநோவாம்" என்றார். கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

இந்தக் குளிர்நாட்டில், எங்கள் பக்கத்தில் அவரை அறியாத தமிழ் வீடு குறைவு. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டோம். வாய் ஓயாத மனிதர். கத்தோலிக்கர்தான், ஆனால் எங்கள் கோவில் அன்னதானப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். "சாமி வேற, சோறு ஒண்டுதானே" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வீடு வாங்கியபோது, நிலத்துக்குக் கீழே பிளாஸ்டிக் குழாய் பதித்துச் சுடுதண்ணீர் ஓடவிட்டுத் தரையைச் சூடாக்கும் முறையைச் சொன்னவரும் அவர்தான். வெறுங்காலோடு திரிகிற சனத்துக்கு இதுதான் சரி என்றார். கூடம் முழுக்கக் குழாயை வளைத்து வளைத்து விரித்துக்கொண்டு வந்தவரை நான் மறித்தேன். சாமிப் படங்கள் வைக்கப்போகும் மூலைக்குக் கீழே ஹீட்டிங் தண்ணீர் ஓடக்கூடாது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"தங்கச்சி, குளிருக்குக் குழாய் விறைச்சுப்போய்க் கிடக்கு. இவ்வளவு நெருக்கி வளைச்சா மடியும்."

"உங்கட மாதா சொரூபத்துக்குக் கீழ குழாய் விடுவீங்களோ அண்ணை?"

சிரித்துவிட்டு வளைத்தார். அவர் சொன்னபடியே குழாய் மடிந்தது.

சூடான காற்று ஊதும் கருவியால் அந்த மடிப்புக்கு மெல்ல மெல்லச் சூடு காட்டினார். வெள்ளைக் குழாய் கண்ணாடிபோலத் தெளிந்து, மடிப்பு எழும்பி, பழையபடி உருண்டது. எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. ஒரு நாள் முழுக்க உள்ளே தண்ணீரை அமுக்கி வைத்துப் பார்க்கவேண்டும், கசிந்தால் அந்தச் சுற்று முழுவதையும் கழற்றிப் புதுக்குழாய் போடவேண்டும், அதற்குப் பிறகுதான் சீமெந்து என்றார். பால் காய்ச்ச ஐயர் தந்த நாள் கார்த்திகைக் கடைசியில். சீமெந்து இறுக நாள் வேண்டும். அந்த நாளை விட்டால் மார்கழி.

"இண்டைக்கே மூடுங்கோ அண்ணை. நல்ல காரியம் பிழைக்காது."

"மூடினாப் பிறகு என்ர கண் உள்ளுக்குப் போகாது பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. மூடினார்.

பால் நன்றாகப் பொங்கியது. வீடு நிறையச் சனம். மடிந்த குழாயை நான் அன்றைக்கே மறந்துபோனேன்.

அதன் பிறகு குளிர் தொடங்கினால் சூசை அண்ணை வருவார். வாசலிலேயே காலுறையைக் கழற்றிவிட்டு நேரே போய்ச் சாமி மூலைக்கு முன்னால் கனநேரம் நிற்பார். மனுசன் எங்கள் பிள்ளையாரைக் கும்பிடுகிறார் என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னவள் நான். திரும்பும்போது, "தங்கச்சி, நிலம் சூடாயிருக்கோ?" என்று கேட்பார். அடுப்படியில் நின்றபடியே, "ஓம் அண்ணை, நல்ல சூடு" என்பேன். "சுகமோ" என்று கேட்டவருக்குச் சொல்லும் பதில் மாதிரித்தான். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போவார். "குளிர் வந்தா இவருக்கு என்ர சோறு மணக்கும்" என்று பகிடி பண்ணுவேன். போன மார்கழியில், சமைக்க அலுப்பாயிருந்ததால், விருந்தாளிகள் வரப்போகினம் என்று பொய் சொல்லி வாசலோடேயே அனுப்பினேன். "அது பரவாயில்லை, நிலம் சூடுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

செத்தவீட்டில் அவருடைய மனைவி றோசலின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "உங்கட வீட்டு மூலைதான் அவருக்கு யோசினை. குளிர் விழுந்தா, ஒருக்கால் போய்க் கால் வச்சுப் பாத்திட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டிடுவார். கசிஞ்சா முதல் அந்த இடந்தான் குளிருமாம்."

"என்னட்ட ஏனக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். சொன்னா அந்தப் பிள்ளை நிம்மதியா விளக்கு வைக்காது எண்டவர்."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து சாமி மூலைக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றேன். சூடாகத்தான் இருந்தது. அத்தனை வருடமும் சூடாகத்தான் இருந்திருக்கிறது. ஒருமுறையாவது அடுப்படியை விட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்று காலை வைத்துப் பார்த்து, "ஒண்டுமில்லை அண்ணை, விடுங்கோ" என்று சொல்லியிருந்தால் மனுசன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்.

இதை வாசிக்கிற, அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவருடைய பகிடியை, பாட்டை, கைராசியை வைத்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சியது அவருடைய கவலை. விளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் முதலில் காலை வைத்து, நிலம் குளிர்கிறதா என்று பார்க்கிறேன். நியாயப்படி அந்தக் கவலை முதல் நாளிலிருந்தே என்னுடையது.