ஓடாத காரின் அசல் டயர்

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு குடோனில் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு இருந்தது. நானும் மனைவி கலாவும் போனோம். உரிமையாளர் போர்வையை விலக்கியதும், அப்போதுதான் பெயிண்ட் அடித்ததுபோல் ஈரச் சிவப்பாய் மின்னியது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். வண்டி ஓடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

“டயர்கூட கம்பெனில வந்ததே சார். ஒண்ணும் மாத்தல” என்றார் பெருமையாக.

“இத்தன வருஷம் நின்னா மனுஷனுக்கே கால் மரத்துப்போகும்” என்றாள் கலா.

“நீ சும்மா ஏறு.”

எங்கள் காரை அவரிடம் விட்டுவிட்டு மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம். டர்போ மூச்சிழுத்தது. அடியில் மெல்லிய நடுக்கம். வண்டிக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏங்க, ஏதோ அதிருது. ஸ்லோ பண்ணுங்க.”

வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்போதே பின் டயர் வெடித்தது. வண்டி சுழன்று, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாமல் ஒதுங்கிப் போனது. கலாவின் நகங்கள் என் கையில் பதிந்திருந்தன.

இறங்கிப் பார்த்தேன். மிச்சமிருந்த டயர்களில் வறண்ட ஏரியைப்போல விரிசல்கள்.

போனில் சொன்னதும் உரிமையாளர் பதறினார்: “அய்யோ, ஒரிஜினல் டயராச்சே சார்!”

இப்போதெல்லாம் எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதலில் மண்டியிட்டு, டயரில் பொறித்திருக்கும் தயாரிப்பு வருஷத்தைப் படிக்கிறேன். மீட்டர் பக்கம் போவது அதற்குப் பிறகுதான்.