அப்பாவின் வலது கால்

எங்கள் அப்பா ஒரே ஒரு நாள் அப்போஸ்தலராக இருந்தார். மிச்ச நாளெல்லாம் பாகூர்ப் பக்கம் கரும்பு போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் ஊரில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து வலது காலைக் கழுவி முத்தமிடுவார். என் ஒன்பதாவது வயதில் அந்தப் பன்னிரண்டு பேரில் அப்பாவும் வந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறைக்கல்வி வகுப்பில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன்.

சாமியார் தொடப்போகிற காலில் சேறு இருக்கலாமா? அதனால் வீட்டிலேயே ஒருமுறை நன்றாகக் கழுவி அனுப்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். சுத்தமான காலைச் சாமியார் கழுவுவார். அழுக்குக் காலைக் கழுவுகிற வேலை மனைவிக்கு. இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் அப்பா தோட்டத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா சீயக்காயும் செங்கல் துண்டும் வைத்துக்கொண்டு அவர் வலது குதிகாலைத் தேய்த்தாள். கரும்புக் கொல்லையில் நடந்த கால். வெடிப்புக்குள் கறுப்பு ஏறியிருந்தது. நான் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். செங்கல் வெடிப்பில் பட்டிருக்க வேண்டும்.

"இன்னாடி, கால கழுவுறியா, தோல உரிக்கிறியா?" என்றவர் அதே காலால் அம்மாவின் முகத்தில் உதைத்தார்.

அம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து, அந்தக் காலைக் கழுவி முடித்தாள். நானும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நிறுத்தியிருக்கலாம்.

கோயிலுக்கு அம்மா வரவில்லை. "யாருனா கேட்டா அம்மாவுக்கு ஜொரம்னு சொல்லு, இன்னா?" என்று வீங்கிய வாயோடு எனக்குப் பவுடர் போட்டு அனுப்பினாள்.

வெள்ளை வேட்டியில் அப்பா நான்காவதாக உட்கார்ந்திருந்தார். சாமியார் முட்டி போட்டு, அந்தக் காலில் தண்ணீர் விட்டு, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

பூசை முடிந்ததும் சாமியார் என்னிடம், "அம்மா எங்கம்மா, காணோம்?" என்று கேட்டார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

"வூட்ல படுத்துனு இருக்குது சாமி. ஜொரம்" என்றேன்.

கோயிலுக்குள்ளேயே பொய் சொல்லிவிட்ட பயத்தில் மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டி போட்டேன். அங்கே நம் பாவத்தைத்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் பாவத்தைச் சொல்லக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் நன்றாகப் படிக்கிற பெண். "பொய் சொன்னேன் சாமி" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பரிகாரமாகப் பத்துப் பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். உதைத்த காலுக்கு முத்தம், எனக்குப் பத்து மந்திரம்.

அந்த மந்திரத்தில் கடவுளைத் தந்தையே என்றுதான் கூப்பிட வேண்டும். கண்ணை மூடிக் கூப்பிட்டேன். முகம் எதுவும் வரவில்லை. செங்கல் தேய்த்துச் சிவந்திருந்த கால்தான் வந்தது. பயந்துபோய், மிச்சம் ஒன்பதையும் கண்ணைத் திறந்துகொண்டே ஒப்பித்தேன்.

இப்போது அரியாங்குப்பத்தில் குடியிருக்கிறேன். என் கணவர் குரலைக்கூட உயர்த்தாதவர். எங்கள் மகள் அந்த மந்திரத்தைச் சொல்லும்போது, கூப்பிட்டதும் யாரோ ஓடிவந்து தூக்கிக்கொள்ளப்போவதுபோல் இரண்டு கையையும் விரித்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். பெற்ற மகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பக்கத்தில் நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

அன்று அந்தப் பத்தாவதைச் சொல்லி முடித்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.