எவ்வளவு வெளிச்சம் விடலாம்?

போட்டோ பிடிக்கிறவனுக்கு வெளிச்சம் கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. கேமராவைத் தொட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் புத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் என்னிடம் கிடையாது. வானத்தை அண்ணாந்து பார்த்து, லென்ஸை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று நானே முடிவு செய்வேன். பிலிமைக் கழுவினால்தான் பலன் தெரியும்.

உச்சி வெயில்

ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்குச் சஷ்டியப்தபூர்த்தி. வெயில் நேர் மேலே. அவர் கண்கள் இருண்ட குழியாகத் தெரிந்தன. கண் படத்தில் விழட்டும் என்று வெளிச்சத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். கண் விழுந்தது. ஆனால் நெற்றி வெள்ளை வெளேரென்று ஆகி, பெருமாள் பாதமாக இட்டிருந்த திருமண் அதிலேயே கரைந்துவிட்டது. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணெல்லாம் நன்னா தெரியறது. பெருமாள் திருவடியைக் காணோமேப்பா?"

மழை மூட்டம்

ஒரு மழை நாளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். கணவர் சிங்கப்பூரில் வேலை. பிள்ளையை இன்னும் பார்த்ததில்லை. கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சம் போதாமல் லென்ஸைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்தேன். அதற்குள் குழந்தை தலையைத் திருப்பிவிட்டது. படத்தில் இரண்டு மூக்கு. வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "இப்படித்தாங்க தலையை ஆட்டிக்கிட்டே இருப்பான். அவரு பாக்கட்டும், இதையே குடுங்க."

கல்யாணி

காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் வியாபாரம் செய்த ஒருவர் தன் மகள் கல்யாணியை அழைத்து வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். நிறத்தைச் சொல்லி ஒரு இடம் தட்டிப்போயிருந்தது. சிவப்பாக விழ வேண்டும் என்றார். லென்ஸை அகலமாகத் திறந்தால் முகம் வெளுக்கும் என்றேன்.

கல்யாணிக்கு அது எப்படி என்று பார்க்க ஆசை. லென்ஸ் வளையத்தைத் திருப்பிக் காட்டினேன். அப்படியே, அதிகம் திறக்காமலும் ஒன்று எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

முதல் படத்தில் புருவமும் மூக்குத்தியும் காணாமல் போயிருந்தன. இரண்டாவதில் கறுத்த முகம், துடுக்கான பார்வை, அவளேதான். அப்பா வெளுத்ததை எடுத்துக்கொண்டார். மற்றதை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, கல்யாணக் கோலத்தில் கணவனோடு வந்து நின்றாள். எந்தப் படம் போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், கேட்டேவிட்டேன். அவர்தான் பதில் சொன்னார். "ரெண்டுமே வந்துச்சுங்க. வீட்டுல ரெண்டு பொண்ணுன்னு நெனைச்சு, எங்கம்மா இந்த மூக்குத்திப் பொண்ணைத்தான் கேட்டாங்க."

சரியான வெளிச்சம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, படம் எடுக்கிறவனைத் தவிர.