கதீபிடம் சொன்னது

குரவை எழுந்தபோது அந்தக் கல்யாணப் பிள்ளையின் தோள் என் தோளோடு ஒட்டிக் கிடந்தது. அறை வாசலில் தொங்கிய சேலைத் திரைக்கு அப்பால் அவளுடைய வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் நின்றார்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்காகப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவர்கள். சாட்சிகளில் ஒருவர் மாப்பிள்ளையின் பெயரையும் அவர் கொடுக்கும் மஹரையும் சொல்லி, "சம்மதமா மகள்?" என்று கேட்டார். பிள்ளை குனிந்த தலை நிமிராமல், ஆனால் தெளிவாக, "இல்ல, எனக்கு விருப்பமில்ல" என்றாள். முதற் சொல் வாயை விட்டு வரும்போதே பின்னால் இருந்த அவளுடைய மாமி நாக்கைச் சுழற்றிக் குரவையிடத் தொடங்கிவிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் சம்மதித்தாள் என்பதற்கு அந்தக் குரவைதான் அடையாளம். திரைக்கு வெளியே நின்றவர்களுக்கு அது போதும். அவர்கள் பந்தலுக்குத் திரும்பிப் போய், சம்மதம் கிடைத்தது என்று பள்ளிவாசல் கதீபிடம் சொன்னார்கள். கதீப் நிக்காஹை முடித்துவைத்தார்.

அந்தக் கதீப்தான் பிறகு கொழும்பில் பத்திரிகை எழுத்தாளராகி, நூலாசிரியரும் ஆனவர். ஊரில் எல்லோரும் அவரை ஹஸ்ரத் என்றே அழைத்தோம். கல்முனைக்குத் தெற்கே கடற்கரை றோட்டில் உள்ள எங்கள் ஊர் ஜும்ஆப் பள்ளியில் நெடுங்காலம் கதீபாக இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மிம்பர் மேடையில் ஏறி, மரவாளைக் கையில் ஊன்றிக்கொண்டு அவர் அரபில் குத்பாப் பிரசங்கம் ஓதும்போது, அதன் அர்த்தம் விளங்காதவர்களும் தலையைக் குனிந்து இருப்பார்கள் என்று என் கணவர் சொல்லுவார். பெண்களாகிய எங்களுக்கு அவருடைய குரல் மட்டுமே பழக்கம். பள்ளிச் சுவருக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைதான். ஆனால் நான் அவரோடு கதைக்கக்கூடிய நிலையில் இருந்தேன். நான் படிப்பித்த பெண் பாடசாலைக்குக் கிழமையில் ஒரு நாள் அவர் மார்க்க பாடம் எடுக்க வருவார்.

கல்யாணத்துக்கு அடுத்த கிழமை அவர் வந்தபோது நான் சொன்னேன். சொல்லவேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் படித்தவள். கணக்கில் கெட்டி. எந்தக் கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லுவாள். கடைசியாகச் சொன்ன பதிலும் அப்படித்தான் இருந்தது. அது ஒரு பக்கம் போக, எனக்கும் ஒரு மகள் இருந்தாள். வகுப்புக்குள் பிள்ளைகள் குர்ஆன் ஸூரா ஓதிக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் நின்று ஹஸ்ரத் நான் சொன்னதைக் கேட்டார்.

"ஆரும் சொல்லக் கேட்டதா டீச்சர், உங்கட காதால கேட்டதா?"

"என்ட காதால, ஹஸ்ரத். பக்கத்தில இருந்த நான்தான்."

அவர் வகுப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கட ஷாபி மத்ஹபுச் சட்டப்படி கன்னிப் புள்ளைய முடிச்சிக் குடுக்க வாப்பாவுக்கு அதிகாரம் இரிக்கி. நிக்காஹ் செல்லும். அதை நான் மாத்த ஏலாது" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் போகத் திரும்பியவர் நின்றார். "ஆனா நாங்க போய்க் கேட்டம். புள்ள சம்மதிச்சிட்டா எண்டு பந்தல்ல சொன்னம். நானும் அதை நம்பி ஓதினன். அப்ப அந்தச் சபையில நான் ஓதினது என்ன டீச்சர்?" என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல என்று இன்று விளங்குகிறது.

அவர் செய்த முதல் வேலை எழுதுவது அல்ல. பள்ளி நிர்வாகத்தில் இருந்த மரைக்காயர்மாரிடம் போனார். தாய்வழியில் வரும் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் என்பது எங்கள் ஊர் முறை. ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவர்களுடைய சொல்லில்தான் நடக்கும். கல்யாணப் பிள்ளையின் வாப்பாவும் அவர்களில் ஒருவர். யார் வீட்டுக் கல்யாணம் என்று ஹஸ்ரத் சொல்லவில்லை. இனிமேல் சாட்சிகள் பெண்ணின் சத்தத்தைக் கேட்டுத் திரும்பும் வரைக்கும் அறைக்குள் குரவை போடக்கூடாது என்று ஊருக்கு ஒரு சொல் சொல்லவேண்டும், அவ்வளவுதான் கேட்டார். தலைமை மரைக்காயர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "குரவை இல்லாட்டி அது கலியாண வூடா ஹஸ்ரத்? மையத்து வூடு மாதிரியெல்லோ கிடக்கும்!" இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்ததாக அவரே வந்து சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எழுதினார். அதுவரைக்கும் கொழும்புப் பத்திரிகையின் முஸ்லிம் பக்கத்துக்கு அவர் சின்னச் சின்னச் செய்திகள் அனுப்புவது உண்டு. நோன்பு நேரம், கந்தூரி அறிவிப்பு, ஓர் ஊர்ப் பள்ளிக்கு ஓடு போட்ட சங்கதி. இந்த முறை அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. எங்களுக்குப் பேப்பர் மட்டக்களப்பு பஸ்ஸில் மறுநாள்தான் வரும். ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. கிழக்கில் ஓர் ஊர் என்று மட்டும் இருந்தது. அதனால் நடந்தது ஒரு வேடிக்கை. நிந்தவூரிலிருந்து ஒரு வீட்டார் கோபத்தோடு வந்து, தங்கள் மகளின் கல்யாணத்தை ஏன் எழுதினீர்கள் என்று ஹஸ்ரத்திடம் சண்டை பிடித்தார்கள். மருதமுனையில் ஒரு குடும்பத்தார், எழுதியது தங்களைத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். தன் வீட்டு அறை என்று எத்தனை பேர் நினைத்தார்கள் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் எங்கள் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நிர்வாகத்திடம் போய்க் கேட்டவர் அவர்தானே. அத்தோடு கட்டுரையில் ஒரு வரி இருந்தது: "அறைக்குள் இருந்த ஒரு பெண் இதைச் சொன்னாள்." அந்த வரியை வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அந்த அறைக்குள் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையின் உம்மா, மாமி, ஓரிரு சொந்தக்காரர், மருத்துவிச்சி, நான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். ஆகவே ஒரு வீட்டின் பேர் அந்த வீட்டுப் பெண்களின் பேர். ஒரு வீட்டுக் கதையை ஊருக்கு வெளியே கொண்டுபோனவளின் வீட்டில் யார் வந்து பெண் எடுப்பார்கள்? என் மகளுக்கு அப்போதுதான் ஆளாகிற வயது.

அடுத்த பாடத்துக்கு ஹஸ்ரத் வந்தபோது, விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் அவரிடம், "கேட்டா என்ட பேரைச் சொல்லிடுங்க ஹஸ்ரத். எனக்காக நீங்க அழியத் தேவையில்ல" என்றேன். சொல்லும்போதே, அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தும் இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஒரு வரிய நான் எழுதாம உட்டிருக்கோணும். புதுசா எழுதுறவன்ட ஆசை. ஆதாரம் காட்டோணும் எண்டு நினைச்சிட்டன். நீங்க சொன்னது கதீபிட்ட டீச்சர். எழுதினவன் வேற ஆள். அவனுக்கு உங்களத் தெரியா."

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் கூட்டம் கூடியது. நான் வேலியோரம் முருங்கை இலை உருவிக்கொண்டு நின்றேன். உருவிய இலை ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைவிட எவ்வளவோ கூட. ஒழுங்கைக்கு அப்பால் பேசுவது சொல்லுக்குச் சொல் கேட்டது.

"பள்ளி எல்லைக்குள்ள நிண்டு நீங்க பொய் சொல்ல மாட்டீங்க ஹஸ்ரத். அது எங்களுக்குத் தெரியும்" என்றார் தலைமை மரைக்காயர். "பெரிய சங்கதி ஒண்டுமில்ல. பேரைச் சொல்லுங்க. நீங்க மிம்பர்ல ஏறுங்க. முடிஞ்சி."

"சொல்ல மாட்டன்."

"சரி, நான் சொல்றன். ஓம் இல்ல எண்டு மட்டும் சொல்லுங்க. மருத்துவிச்சியா?"

"இல்ல" என்றார் ஹஸ்ரத் உடனே.

பாவப்பட்டு அவர் சொல்லிவிட்டார் என்று விளங்கியது. மருத்துவிச்சி ஏழை; அவள் மேல் விழுந்தால் ஊரில் பிரசவத்துக்கு அவளை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு "இல்ல" எவ்வளவு பெரிய பொறி என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு உறைத்தது. இப்படியே ஒவ்வொருத்தியாக இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தால், எந்தப் பேரில் அவர் வாய் மூடுகிறாரோ அவள்தான் ஆள்.

"அப்ப டீச்சரா?"

என் கணவர் அந்தச் சபையில் இருந்தார். என் கையிலிருந்த முருங்கைக் கொப்பை நான் இறுக்கிப் பிடித்தேன். கடற்காற்றும் நின்றுவிட்டது போல இருந்தது. ஹஸ்ரத் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன ஹஸ்ரத், வாய் அடைச்சிப் போச்சா?" என்று யாரோ கேட்டான். சிரிப்புக் கேட்டது.

மரைக்காயர் அடுத்த பேரைச் சொன்னார். ஹஸ்ரத் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பேர், அதற்கும் இல்லை. கடைசியில் மரைக்காயர் பொறுமை இழந்து, "என்ட பொண்டாட்டியா?" என்று கத்தினார். அவருடைய மனைவி அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை. அதற்கும் ஹஸ்ரத் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது சபையில் இன்னொரு விதமான அமைதி வந்தது. தன் வீட்டுப் பெண்ணின் பேர் வந்துவிடுமோ என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். மேலே ஒருவரும் கேட்கவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் கணவர் வீட்டுக்கு வந்தார். சோறு போட்டுக் கொடுத்தேன். முருங்கை இலைக் கறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹஸ்ரத் ஆரைப் பற்றியும் ஒண்டும் சொல்லல்ல" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஹஸ்ரத்தைக் கதீப் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் வீட்டு நன்மை தின்மைக்கு யாரும் போகக்கூடாது என்று ஊருக்குச் சொன்னார்கள். ஸலாம் சொன்னால் வாங்குவது கடமை என்பதால் வாங்கினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவரும் மனைவியும் ஒரு றங்குப் பெட்டியோடு மட்டக்களப்பு பஸ் ஏறிப் போனார்கள். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். அந்த முஸ்லிம் பக்கத்தில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். கொஞ்சக் காலத்தில் அந்தப் பக்கமே அவருடையதாயிற்று.

அதற்குப் பிறகு அவர் எழுதியதை நான் ஒன்று விடாமல் வாசித்தேன். முஸ்லிம்களைப் பற்றி மட்டும் எழுதவில்லை. கோவில் திருவிழாவுக்குப் போய்த் தேர் இழுத்தவர்களோடு பேசி எழுதினார். பாதிரியார் ஒருவரோடு சாவு வீடுகளுக்கு நடந்து திரிந்து எழுதினார். மிம்பரில் நின்றவர் இறங்கி மற்றவர்களுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். முன்பு அவர் ஓத, ஊர் தலை குனிந்து இருந்தது. இப்போது யாராவது பேச, அவர் தலை குனிந்து கேட்கிறார். அது அவருக்கு இறக்கமா ஏற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை பேப்பர் வந்ததும் நான் முதலில் பயத்தோடு தேடியது, அறைக்குள் இருந்த ஒரு பெண் மறுபடியும் வருகிறாளா என்றுதான். அந்தக் கல்யாணப் பிள்ளை இன்று கைக்குழந்தையோடு எங்கள் ஒழுங்கையால் போவாள். என்னைக் கண்டால் சிரிப்பாள். சந்தோசமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

போன மாதம் ஹஸ்ரத்தின் புத்தகம் ஒன்றைச் சிநேகிதியிடமிருந்து என் மகள் வாங்கி வந்தாள். அவளுக்கு இப்போது கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது. வேளாண்மை வெட்டு முடிய நிக்காஹ். மஃரிபுக்குப் பிறகு விளக்கடியில் இருந்து சத்தமாக வாசித்தாள். என் கணவர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணம் வந்தது. திரை, சாட்சிகள், குரவை எல்லாம் வந்தன. நான் அந்த வரிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அறைக்குள் இருந்த பெண்ணை அவர் எடுத்துவிட்டிருந்தார். "இதை அறிந்தேன்" என்று மட்டும் இருந்தது.

மகள் வாசிப்பை நிறுத்தினாள். "உம்மா, ஆம்புளைகள் வெளியிலதானே நிண்ட. உள்ளுக்கு அந்தப் புள்ள சொன்னது இவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சொன்னன்" என்றேன். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது அவ்வளவு சுலபமாக வெளியே வந்தது.

என் கணவர் பாக்குவெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெதுவாக் கதைங்க. ஜன்னல் திறந்து கிடக்கு" என்றார்.

மகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் என்னிடம் வரவில்லை. அவருக்கு முன்னால் போய் இருந்தாள். "என்ட கலியாணத்தில நீங்கதானே வாப்பா திரைக்கு வெளியில நிப்பீங்க?"

"ஓம்."

"குரவையக் கேட்டா திரும்பிப் போவீங்க?"

அவர் நெடுநேரம் பாக்கை வெட்டினார். "இல்ல மகள். உன்ட சத்தத்தக் கேட்டுத்தான் போவன்" என்றார்.

அன்றிரவு நான் தூங்காமல் கிடந்தது ஊருக்குப் பயந்து அல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வந்தவர்கள் நானும் இவரும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது முதல் பந்தல் போடுவது வரைக்கும் பேசி முடித்தவர்கள் நாங்கள். ஒரு பிள்ளையின் "இல்ல" என்ற சொல்லுக்காக இத்தனை வருடம் நெஞ்சு பதைத்துத் திரிந்த நான், என் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

காலையில் அவள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்து, அந்த மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "உனக்கு விருப்பமா மகள்?" என்று கேட்டேன். அவள் துருவுவதை நிறுத்தினாள். நல்ல பையன் என்று சொல்ல வாய் வந்தது. எங்களுக்கு வேறு வழி என்ன என்று சொல்லவும் வந்தது. ஒன்றையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவள் தன் உம்மாவிடம் சொன்னது.