பயணியின் பெயர் எஞோனம்

கானா நாட்டின் ஹோ நகரத்துப் பேருந்து நிலையத்தில் செலோமின் ஜெபம் இல்லாமல் ஒரு வண்டியும் கிளம்பாது. மூட்டைகளைக் கூரையில் ஏற்றிக் கட்டுவதுதான் அவன் வேலை. கடைசி முடிச்சைப் போட்டதும் கீழே குதித்து, கதவருகே நின்று, கண்ணை மூடி, ஒன்றரை நிமிடம் முழங்குவான். "ஆண்டவரே, ஓட்டுநரின் கண்களைக் காத்தருளும். பிரேக்கைக் காத்தருளும். நான்கு டயர்களையும் உம் இரத்தத்தால் மூடும். இந்தப் பயணிகளைச் சேர வேண்டிய இடத்தில் பத்திரமாகச் சேர்த்துவிடும்." வண்டி முழுவதும் ஆமென் சொல்லும். பத்தொன்பது வருடமாக இப்படித்தான். அவன் ஜெபித்த வண்டி கவிழ்ந்ததில்லை என்று ஊரில் பெயர். பஞ்சர் கணக்கில் வராது.

அந்த ஜெபம் அவன் குடும்பத்தைத்தான் கவிழ்த்தது.

மனைவி எஞோனம் காய்ச்சலில் படுத்திருந்தாள். "எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணேன்" என்றாள். செலோம் தலைமாட்டில் நின்று கண்ணை மூடினான். வாய் தானாக ஓடியது. "இந்தப் பயணியைச் சேர வேண்டிய இடத்தில் பத்திரமாகச் சேர்த்துவிடும், ஆண்டவரே."

எஞோனம் எழுந்து உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல?"

"என்னது?"

"என்னை எங்க கொண்டு சேர்க்கச் சொல்ற? மேலயா?"

கொதிக்கிற உடம்போடு துணிகளை மூட்டை கட்டினாள். "என்னைக்கு என் பேரைச் சொல்லி, உன் சொந்த வார்த்தையில, அவர்கிட்ட எனக்காகப் பேசுறியோ அன்னைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு ஹொஹொய் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் ஏறிய வண்டிக்கும் செலோம்தான் ஜெபித்தான். அதே ஒன்றரை நிமிடம்.

மறுநாள் காலையிலேயே அறையில் முழங்காலிட்டான். நான்கு குடித்தனம் இருக்கும் வளவு அது. நடுவில் பலகைச் சுவர்.

"ஆண்டவரே, என் மனைவி..."

"ஆமென்!" என்றாள் அடுத்த அறை காஃபுயி.

"அக்கா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"ஆரம்பத்துக்கும் ஒண்ணு இருக்கட்டும் தம்பி. நீ ஜெபிச்சு நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

குரலைத் தாழ்த்தினான். "கேக்கல தம்பி, கொஞ்சம் உரக்க!" என்றாள். எதிர் அறையும் மூலை அறையும் சேர்ந்துகொண்டன. ஆமென் காதில் விழ விழ அவன் குரலும் ஏறியது. நிதானத்துக்கு வந்தபோது பிரேக்கைத் தாண்டி இரண்டாவது டயருக்கு வந்திருந்தான்.

ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காட்டுக்குப் போனான். ஆளை மறைக்கும் பயிர். மண்ணில் முட்டி பதித்து, "எஞோனம்" என்று முதல் சொல்லைச் சொன்னான்.

"ஆமென்" என்றது சோளம்.

தட்டைகளை விலக்கிப் பார்த்தான். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்டுக்காதீங்க அண்ணே, நான் வேற வேலையா வந்தேன். நீங்க நடத்துங்க."

மூன்று வாரம் ஆயிற்று. நேரில் போய்க் கெஞ்சலாம் என்று ஒரு சனிக்கிழமை ஹொஹொய் வண்டியில் செலோமே பயணியாக ஏறினான். ஏற வேண்டிய மூட்டைகளைக் கட்டிவிட்டுத்தான் ஏறினான். "ஜெபக்காரரே கூட வராரு, இனி என்ன கவலை!" என்று வண்டியே குளிர்ந்தது. இருக்கைகளுக்கு நடுவே எழுந்து நின்று கண்ணை மூடினான். முழக்கம் வரவில்லை.

"ஆண்டவரே, என் மனைவி பேரு எஞோனம்."

வண்டி காத்திருந்தது.

"எனக்கு உங்ககிட்டப் பேசத் தெரியல. இத்தனை வருஷமும் வாய்தான் பேசுச்சு, நான் பக்கத்துல நின்னேன். அவ வராமலே போயிடுவாளோன்னு பயமா இருக்கு. நான் வைக்கிற வெண்டைக்காய்க் குழம்பை நாய் மோந்து பாத்துட்டுப் போகுது. அவ்வளவுதான்."

ஆமெனை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் "ஆ" வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

மடியில் கருவாட்டுக் கூடையை வைத்திருந்த அம்மாள் கேட்டாள்: "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"டயரு?"

"டயரை அவரே பாத்துப்பாரு."

"பிரேக்கைக்கூடச் சொல்லலியே! இதுல நான் உக்காருவேனா? எனக்கு வீட்டுல அஞ்சு புள்ளைங்க."

அவள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். மூட்டைகளை இறக்க வேண்டியவனும் செலோம்தான். ஒவ்வொன்றாக இறக்கி, அடுத்த வண்டியின் கூரையில் ஏற்றிக் கட்டினான். அதன் ஓட்டுநர் டயர்களுக்குத் தாமே ஜெபித்துக்கொண்டு புறப்பட்டார்.

"யோவ், உன் வீட்டுக் கதையைச் சொல்ல என் வண்டிதான் கிடைச்சுதா?" என்றார் செலோம் ஏறிய வண்டியின் ஓட்டுநர். ஹொஹொயிலிருந்து வர வேண்டிய ஆட்கள் காத்திருந்ததால் அவர் போயே ஆக வேண்டும். இருபத்திரண்டு காலி இருக்கைகளோடு செலோம் போனான்.

முன்னால் போன வண்டி சும்மா போகவில்லை. செலோம் இறங்கும்போது எஞோனம் நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது.

"என் பேரைச் சொன்னியாமே?"

"சொன்னேன்."

"வேற?"

"குழம்பு..."

"அதை மூணு பேரு சொல்லிட்டாங்க. யாருக்கும் தெரியாதது ஏதாவது இருந்தா இப்ப சொல்லு."

"உன்கிட்டயா?"

"என்கிட்ட எதுக்கு? அவர்கிட்ட."

செலோம் கண்ணை மூடவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே, குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னான்: "ஆண்டவரே, அன்னைக்கு இவ காய்ச்சல்ல கிடந்தா. நிலையத்துல அக்ரா வண்டி கிளம்பத் தயாரா நின்னுச்சு. என் நினைப்பெல்லாம் கயிறு மேலதான் இருந்துச்சு. சீக்கிரம் முடிக்கணும்னுதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

எஞோனம் இடுப்பில் கை வைத்தாள்.

"அவசரமா! இது தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு மாசம் கழிச்சுத்தான் வந்திருப்பேன்."

"சொல்லாமலே இருந்திருக்கலாமோ?"

"நீ என்கிட்டயா சொன்ன? நான் ஒட்டுக்கேட்டேன்." தங்கை வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். "துணியை எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் நீ பேசிட்டு இரு."