சோழர் காலத்து மிளகாய்

என் கணவர் எழுதிய நாவல் எனக்கு வந்து சேர்ந்தது எங்கள் வாசகர் குழுவின் வாட்ஸ்அப்பில்தான். ஓய்வு பெற்றபின் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார்; கேட்டால், "சும்மா ஏதோ" என்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

அவர் மறைத்ததற்குக் காரணம் என்மேல் இருந்த பயம்தான். நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். அதோடு, எந்தத் துப்பறியும் கதையிலும் கொலைகாரனைப் பாதிக்கு முன்பே பிடித்துவிடுவேன். பிடித்ததைச் சொல்லாமல் இருக்கவும் மாட்டேன். வீட்டில் என்னோடு உட்கார்ந்து படம் பார்க்க ஆளில்லை.

எங்கள் குழு லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடும். அச்சுக்குப் போகுமுன் உறுப்பினர் எழுதியதை எல்லோரும் படித்துவிட்டு வருவோம். விதி இரண்டு. எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது. அவர் வீட்டு ஆட்கள் கருத்தே சொல்லக்கூடாது, புகழ்ந்து தள்ளிவிடுவார்களாம்.

நாவல் நடப்பது சோழர் காலத்தில். விருந்தில் ஊர்ச்சபைத் தலைவருக்கு யாரோ நஞ்சு வைத்துவிடுகிறார்கள். கூடவே பரிமாறிய மிளகாய்த் துவையலின் காரத்தில் நஞ்சின் கசப்பு அவருக்குத் தெரியாமல் போகிறது. கதை முழுவதும் அந்தத் துவையலில்தான் நிற்கிறது.

ஒருவர் காதல் காட்சிகளைக் குறைக்கலாம் என்றார். தமிழாசிரியர் ஒருவர் நடையைக் கொண்டாடினார். தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர், "அந்தத் துவையல் சீன் படிக்கிறப்பவே வாயில எச்சில் ஊறிடுச்சு சார்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் பேசலாமா?"

"ரூல் இருக்கு லா, அக்கா" என்றார் குழுவை நடத்தும் பெண்.

"புகழ மாட்டேன். போதுமா?"

சிரித்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சோழர் காலத்துல மிளகாய் ஏது? அது பிற்பாடு போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது. அப்பல்லாம் காரத்துக்கு மிளகுதான்."

பச்சைமிளகாய் கடிக்காமல் ஒரு வேளை சாப்பிடாத கூட்டம். ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லை.

விதியை மறந்து என் கணவர் வாய் திறந்தார். "அப்போ கசப்பை எப்படி மறைக்கிறது?"

"ஏன் மறைக்கணும்? பாகற்காய் பரிமாறுங்க. கசப்போட கசப்பா போயிடும்."

படித்த அன்றே அதை யோசித்து வைத்திருந்தேன். குழு ஒரே குரலில் பாகற்காய்க்கு மாறியது.

வீட்டுக்குத் திரும்ப பாசிர் ரிஸ் ரயில் ஏறினோம். பிடோக் நிலையம் தாண்டியதும் கேட்டார். "மிளகாயை விடு. கதை எப்படி இருந்துச்சு?"

அத்தனை பேர் பேசியும் அவர் காத்திருந்தது இந்த ஒரு கருத்துக்குத்தான். எனக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

"கொலைகாரன் யாருன்னு கடைசி அத்தியாயம் வரைக்கும் எனக்குத் தெரியலைங்க."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாசிர் ரிஸ் வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.