நட்சத்திரம் கோடாக வந்த வாரம்

தீபாவளிக்கு மறுநாள் எடுத்த படத்திலும் நட்சத்திரங்கள் கோடு கோடாகவே இருந்தன. சங்கிலிமுத்து மடிக்கணினித் திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அரிசியைச் சிதறினாற்போல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள். நடுவில் இருந்த உருண்டை மட்டும் தப்பியிருந்தது. அது பெரிது, புகைபோல இருந்ததால் கலங்கியது தெரியவில்லை.

அந்த உருண்டைக்காகத்தான் இத்தனை பாடு. 2007 அக்டோபர் கடைசியில் ஹோம்ஸ் என்ற வால்நட்சத்திரம், யாரும் எதிர்பாராமல், இரண்டே நாளில் பல லட்சம் மடங்கு பிரகாசமாகிவிட்டது. கண்ணுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது, வடகிழக்கு வானத்தில் ஊரே பார்க்கும்படி வந்து உட்கார்ந்துகொண்டது. பேப்பரில் நாலு வரிச் செய்தி போட்டிருந்தார்கள். அன்று சாயந்திரமே மாடிக்கு ஓடித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தவன், கீழே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி கத்தினான்.

"பொன்னு, ஒண்ணு வெடிச்சிருக்கு!"

"எந்தக் கம்பெனியில?" பதறிக்கொண்டு ஏறி வந்தாள் பொன்னுத்தங்கம்.

"கம்பெனி இல்ல புள்ள. மேல. வானத்துல."

"நாசமாப் போக. ஈரக்கொலையே நடுங்கிருச்சு." ஆனாலும் குனிந்து பார்த்தாள். "வாலு எங்க?"

"வாலு இல்ல. உருண்டையா வெடிச்சிருக்கு. எம்புட்டு அழகா வட்டம் வந்திருக்கு பாரு."

வட்டம்தான் அவன் பிழைப்பு. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வானத்தில் போய் விரியும் வெடிகள் செய்யும் பகுதிக்கு அவன் போர்மேன். சீசனில் சாயந்திரம்தோறும் சாம்பிள் போடுவார்கள். கழுத்தை ஒடித்துக்கொண்டு கீழே நின்று, விரிந்தது வட்டமா கோணலா என்று சொல்ல வேண்டியது அவன் வேலை. கோணலென்றால் லோடு ஏறாது. அப்படி ஒருநாள் புகை கலைந்த பிறகும் கழுத்தை இறக்காமல் நின்றவன்தான், பிறகு தொலைநோக்கி வாங்கினான். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் மூலம் அதைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டை வரவழைத்தான். சிவகாசி ஸ்டுடியோக்காரரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பிடித்தான். அவன் போடும் வெடி மூன்று விநாடியில் செத்துவிடும். இது இரண்டு வாரத்துக்கு மேலாக வெடித்துக்கொண்டே இருந்தது. தினம் கொஞ்சம் பெரிதானது. இப்போது நிலா அளவு. அவனுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "படம் சுத்தமா வந்தா வர்ற வருசக் காலண்டர்ல அதையே போட்டுருவோம். வரலேன்னா வளக்கம்போல ரோசாப்பூவும் புள்ளையும்." கம்பெனி காலண்டர் ஆயிரக்கணக்கில் அடித்து ஏஜெண்டுகளுக்குப் போகும். வடக்கே எந்தெந்த ஊரிலோ சுவரில் தொங்கும். திங்கட்கிழமை காலை அச்சடிக்கப் பிளேட் போடுவார்கள். அச்சகத்தில் அந்த வேலையைப் பார்க்கும் கருத்தப்பாண்டி முதல் படத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தான். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. பாக்குறவுக அச்சு வெலகிருச்சுன்னு சொல்லுவாக. எங்க பேரு கெட்டுப்போகும்."

ஆக, சனியும் ஞாயிறும்தான் மிச்சம். ஞாயிறு மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது.

நட்சத்திரம் ஏன் கோடாகிறது என்பது விளங்காத சங்கதி அல்ல. பூமி சுற்றுகிறது. அந்த வேகத்துக்கு எதிர்ப்பக்கமாக மவுண்ட் தொலைநோக்கியைத் திருப்புகிறது. அதன் பல்சக்கரம் முன்னே பின்னே ஓடும். அதனால் பெரிய குழலின் முதுகில் ஒரு சின்னக் குழல். அதன் கடைசியில் ஒரு வெப்கேமரா. அது ஒரே ஒரு நட்சத்திரத்தை முறைத்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் மயிரிழை நகர்ந்தாலும் கம்ப்யூட்டர் மோட்டாரைத் தட்டிச் சரிசெய்யும். ஆட்டோகைடிங் என்று பெயர். இத்தனையும் சிவகாசி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவன் படித்தது.

ஆனால் படம் கோடாகத்தான் வந்தது.

முதலில் வடக்கைச் சந்தேகப்பட்டான். மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் அது தரையை ஒட்டிக் கிடக்கும். அதுவும் பக்கத்து வீட்டுப் பாலம்மாளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். வேறு நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் நழுவுகின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தினான். கோடு போகவில்லை. தொங்கும் வயர் இழுக்கிறதோ என்று எல்லா வயரையும் சேர்த்துக் கட்டினான். கோடு. குழலுக்குச் சமனாகத் தொங்கும் எடைக்கல்லை நகர்த்தினான். கோடு.

வேடிக்கை என்னவென்றால் கம்ப்யூட்டர் குறை சொல்லவே இல்லை. சின்னக் குழல் பிடித்த நட்சத்திரம் பிடித்த இடத்திலேயே நின்றது. நழுவலைக் காட்டித் திரையில் ஓடும் வரைகோடு, மாவரைத்த கல்லைப்போல் வழுவழுவென்று போனது. காவல்காரன் கண்ணை மூடவே இல்லை. வீட்டில் மட்டும் திருட்டு.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போதுதான் அது பொறியில் தட்டியது. சின்னக் குழல் சரியாகப் பார்க்கிறது. பெரிய குழல் நழுவுகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. நேரம் போகப்போக ஒன்று மற்றொன்றிலிருந்து விலகுகிறது. எங்கோ ஒன்று தொய்கிறது!

பாதிச் சோற்றில் எழுந்து மாடிக்கு ஓடினான். வளையம், திருகு, தகடு, ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தான். எல்லாம் இறுக்கம். எதுவும் ஆடவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தான். இறுக்கம்தான். கணக்கு சரி, பொருளும் சரி, விடை மட்டும் தப்பு. இருட்ட ஆரம்பித்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. கையைக் கழுவாமல் வந்தது ஞாபகம் வர, கீழே போய்க் கழுவிவிட்டுத் திரும்பவும் ஏறினான்.

"குளாய மூடிட்டா போனீக?" கீழேயிருந்து பொன்னுத்தங்கம்.

"மூடிட்டேன்."

"எங்க மூடுனீக? சொட்டுச் சொட்டுன்னு ஊத்துது. பச்சப்புள்ள கன்னத்தத் தடவுற மாதிரித் தடவிட்டுப் போனா அது மூடிக்கிடுமா? கல்யாணம் ஆன நாள்லருந்து ஒங்க பின்னாலயே வந்து ஒவ்வொண்ணா இறுக்குறதே எனக்குப் பொளப்பாப் போச்சு. ஊறுகாப் பாட்டிலு, மண்ணெண்ணெ டின்னு, கேஸ் டியூப்பு..."

சங்கிலிமுத்து படியிலேயே நின்றான். கையைப் பார்த்தான்.

பதினேழு வயதில் வெடிமருந்து நிரப்பும் அறைக்குள் போன கை அது. தேய்க்காதே, தட்டாதே, அழுத்தாதே. இரும்பு கிடையாது, பித்தளை, மரம், விரல். மருந்து தன்னைத் தொட்டதே தெரியாதபடி தொட வேண்டும். அவனோடு சேர்ந்தவர்களில் கை வேகமான இருவர் இப்போது இல்லை. எதையும் ஓரளவுக்கு மேல் திருகினால் உள்ளங்கை தானாகவே நின்றுவிடும். அந்த இடம்தான் அவனுக்கு இறுக்கம்.

"ஏ பொன்னு! மேல வா! சீக்கிரம் வா!"

"அடுப்புல கொளம்பு..."

"கொளம்பு கெடக்கட்டும். வா!"

அவள் தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் கட்டுகிறவள். ஒரு இழுப்பில் சணல் பெட்டியில் பதியும்படி இறுக்கிவிடுவாள். சின்னக் குழலைப் பிடித்திருந்த திருகைக் காட்டினான். "இது இறுக்கமா இருக்கான்னு பாரு."

இரண்டு விரலால் திருகினாள். முக்கால் சுற்று சுளுவாகப் போனது. நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

"இதுவா இறுக்கம்? இத வச்சுக்கிட்டா ஒரு வாரமா ராக்கெட் விடுற மாதிரி ஆடுனீக?"

அவன் சிரித்தான். மாடியில் குதித்தான். அடுத்த திருகு, அடுத்தது, எல்லாம் அதேபோல் சுற்றின. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு வசவு வைத்தாள். மிச்சம், சின்னக் குழலின் தகட்டைப் பெரிய குழலோடு சேர்க்கும் இரண்டு போல்ட். விரலுக்கு அடங்காது. பாலம்மாள் வீட்டு டி.வி.எஸ் வண்டியிலிருந்து ஸ்பேனர் வந்தது. எட்டிப் பிடிக்கக் கை நீளம் வேண்டும். அவன்தான் செய்ய வேண்டும்.

வைத்துத் திருகினான். கிரீச் என்றது.

இரும்பில் இரும்பு. முழங்கைவரை மயிர் சிலிர்த்தது. கண் தானாக வாசலைத் தேடியது. மொட்டைமாடியில் ஏது வாசல்.

"என்ன நின்னுட்டீக?"

"சத்தம்..."

பொன்னுத்தங்கத்துக்குப் புரிந்தது. குரலை இறக்கினாள். "இங்கன என்ன மருந்தா இருக்கு? வெறும் இரும்பு. நான் பக்கத்துலதான நிக்கேன். திருகுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். கை நில் என்றது. நிறுத்தவில்லை. கிரீச். இன்னும் கொஞ்சம். கிரீச். போல்ட் தானாக நின்றது. அவன் நிறுத்தாமல் ஒரு பொருள் தானாக நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இதுதானா இறுக்கம் என்பது! நெற்றியெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

வடகிழக்கில் உருண்டை ஏறிவிட்டது. மேகம் பாதி வானத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. குழலைத் திருப்பி, நட்சத்திரத்தைப் பிடித்து, கேமராவைத் திறந்தான். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். ஸ்பேனர் எதற்கு என்று பார்க்கப் பாலம்மாளும் அவள் வீட்டு ஆட்களும் அந்நேரம் பார்த்து ஏறி வந்தார்கள்.

"யாரும் நடக்காதீக! அங்கனயே நில்லுங்க! தளம் ஆடும்!"

ஆளுக்கொரு இடத்தில் சிலையாக நின்றார்கள். ஒரு கால் படியிலும் ஒரு கால் மாடியிலுமாகப் பாலம்மாள். கொசு கடித்தது.

"ஏப்பா சங்கிலி, சொறியலாமா?"

"மெதுவாச் சொறிங்க மதினி."

பொன்னுத்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கீழே குழம்பு அடிப்பிடித்து வாசம் மேலே வந்தது. யாரும் அசையவில்லை.

கேமரா மூடிக்கொண்டது. திரையில் படம் மேலிருந்து கீழாக இறங்கியது. சங்கிலிமுத்து பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். புள்ளி. ஊசியால் குத்தின மாதிரிப் புள்ளி. மூலையிலும் புள்ளி. நடுவில் அந்த உருண்டை, ஒரு பக்க விளிம்பு மட்டும் துல்லியமாக, உள்ளே ஒரு மஞ்சள் கரு, வெளியே மெல்லிய பச்சைத் தோல். பொன்னுத்தங்கம் தோளைப் பிடித்து உலுக்கினாள்: "வந்துருச்சா? ஏங்க, வந்துருச்சா?" தலையை மட்டும் ஆட்டினான். பாலம்மாள் கைதட்டினாள். தளம் ஆடியது. ஆடட்டும் என்று விட்டான். அப்புறம் வந்தவர்களைக் கீழே விரட்டி, மேகம் வந்து மூடும்வரை படம் படமாக எடுத்தான்.

திங்கட்கிழமை அச்சகம் திறக்குமுன் வாசலில் நின்றான். கருத்தப்பாண்டி சோதனைத் தாளின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து மூலை மூலையாகப் போனான்.

"அண்ணாச்சி, இது அதே மிசின்ல எடுத்ததா?"

"அதே மிசின்தான்."

"ஒரு கோடு இல்லயே! என்ன செஞ்சீக?"

"இறுக்குனோம்."

கருத்தப்பாண்டி மறுபடி குனிந்தான். "அருமையா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். வால்நட்சத்திரம்னு கீள போடுறோம், வாலக் காணமே. கம்ப்யூட்டர்ல நானே சின்னதா ஒண்ணு இளுத்து விட்டுரட்டுமா?"

"இளுத்தே, ஒன் கைய ஒடிச்சிருவேன்" என்றான் சங்கிலிமுத்து.

கருத்தப்பாண்டி சிரித்துக்கொண்டே தாளில் கையெழுத்துப் போட்டுப் பிளேட் அறைக்குக் கொடுத்து அனுப்பினான்.